ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தை: பூசை, கல்லறை பற்றி உடனே தெரிய வேண்டும்

பாம்பன்காரன்:
தம்பி குடும்பத்துக்காகக் கேக்குறேன். ஊர் பாம்பன் தீவுல தங்கச்சிமடம். பிறந்த மூணாம் நாள் பிள்ளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில இறந்துருச்சு. ஞானஸ்நானம் கொடுக்கல. "பூசை கிடையாது, வேலி ஓரமாத்தான் புதைக்கணும், பிள்ளை மோட்சத்துக்கும் போகாம நரகத்துக்கும் போகாம நடுவுல, லிம்போவுல நிக்கும்"னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. பெத்தவளையும் கல்லறைக்கு வரக்கூடாதுங்கறாங்க. நாளைக்குக் காலையில அடக்கம். இதுல எது திருச்சபைச் சட்டம், எது ஊர்ப் பேச்சு?

செபமாலை:
முதலில் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். பிள்ளை உயிரோடு இருந்தபோது நர்சோ வேறு யாரோ ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்தார்களா? உயிர் போகிற நேரத்தில் தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் சொல்லி யார் கொடுத்தாலும் அது செல்லும். கொடுத்திருந்தால் பங்குப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், பிரச்சினையே இல்லை. கொடுக்கவில்லை என்றால் இப்போது யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஞானஸ்நானம் போன்ற திருவருட்சாதனம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1183, இரண்டாம் பிரிவைப் பாருங்கள். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், முறையான அடக்கச் சடங்குக்கு ஆயர் (பிஷப்) அனுமதி தரலாம். உங்கள் பகுதி சிவகங்கை மறைமாவட்டம். அனுமதி வாங்குவது பங்குச்சாமியார் வேலை. இன்றிரவே அவரை நேரில் பார்த்து, "கொடுக்க நினைத்திருந்தோம்" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த எண்ணம்தான் சட்டத்துக்கு ஆதாரம். ஞானப்பெற்றோராக யாரையாவது பேசி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்று சடங்குப் புத்தகத்தில் தனி மன்றாட்டு உண்டு. அதையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் பெரியவர்களுக்கான மன்றாட்டை எடுத்துவிட்டால் "பாவப் பொறுத்தல்" என்று வரும், பெற்றவள் காதில் அது வேறு மாதிரி விழும். உடுப்பும் பெட்டித் துணியும் வெள்ளை.

லிம்போ ஒரு காலத்து இறையியலார் கருத்து. விசுவாசக் கோட்பாடாக அது அறிவிக்கப்படவே இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்பதே திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வி ஏடு, எண் 1261 சொல்வது. 2007-ல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையமும், இவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல ஆதாரம் உண்டு என்று எழுதியது. பெரியவர்களிடம் இதை வாதாடப் போகாதீர்கள். சாமியார் வாயால் ஒரு வரி வந்தால் போதும்.

தாய் கல்லறைக்கு வரக்கூடாது என்பது தீட்டுக் கணக்கு. சபையில் அப்படித் தடை எதுவும் இல்லை.

மணல்தேரி:
குழி பத்தி மட்டும் சொல்றேன். தீவு மணல்ல சின்னக் குழிதானேன்னு ரெண்டடி தோண்டுனா நாய் கிளறிரும். நாலடிக்குக் குறையாம போங்க. உலர்ந்த மணல் சரியும், அதனால வாயை அகலமா எடுத்துத் தோண்டணும். அடியில ஈரம் கசிஞ்சா நிறுத்திக்கிட்டு, அதே கல்லறைத் தோட்டத்துல மேடான எடம் கேளுங்க, ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஏறும். மூடுனதும் மேல கருவேல முள்ளு. அடையாளத்தை அன்னைக்கே வச்சிருங்க. ஆடிக் காத்துல மேடு கரைஞ்சுட்டா எடமே தெரியாது. இரும்புச் சிலுவை வேண்டாம், உப்புக் காத்துல துருப் பிடிச்சு உதிரும். வேப்பங்கட்டை, இல்லேன்னா கருங்கல்லு.

வார்டு அக்கா:
எல்லாரும் பிள்ளையப் பத்தியே பேசுறீங்க. பெத்தவளுக்கு இப்பதான் பால் கட்ட ஆரம்பிக்கும், மூணாம் நாள்லேருந்து அஞ்சாம் நாளுக்குள்ள. துணிய வச்சு இறுக்கிக் கட்டிராதீங்க. அடைச்சுக்கிட்டுக் கட்டியாகி சீழ் வைக்கும். வலி தாங்கலேன்னா வலி குறையுற அளவுக்குக் கொஞ்சமாப் பீச்சி விடலாம், முழுசாப் பீச்சுனா இன்னும் ஊறும். குளிர்ந்த துணி போடுங்க. மல்லிகைப்பூ வைக்கிற பழைய வழக்கத்துல தப்பில்ல, அதையும் இறுக்காம வைங்க. பால் நிக்க மாத்திரை இருக்கு, டாக்டர் பிரஷர் பாத்துட்டுத்தான் கொடுப்பாங்க. காய்ச்சலோ, மார்புல செவந்த தடிப்போ வந்தா ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டுப் போங்க.

அடக்கத்துக்கு முன்னால பிள்ளைய அவ மடியில கொடுங்க. பாக்கக் கூடாதுன்னு மறைச்சு எடுத்துட்டுப் போறதுதான் பின்னால ரொம்ப நாள் அறுக்கும். கையில கட்டுன ஆஸ்பத்திரிப் பட்டியையும், ஒரு துளி முடியையும் எடுத்து வைங்க. அவ கேக்கலேன்னாலும் எடுத்து வைங்க.

இன்னொண்ணு, உயிரோட பிறந்த பிள்ளை, அதனால பிறப்பு, இறப்பு ரெண்டும் பதியணும், 21 நாளைக்குள்ள. பிறப்புப் பதியும்போதே பேரைக் கொடுத்துருங்க.

பாம்பன்காரன்:
சாமியாரைப் பாத்துட்டோம், ஆயர் இல்லத்துல பேசுறேன்னு சொல்லிட்டாரு. பெட்டி சொல்லியாச்சு. இன்னும் ஒண்ணு கேக்கணும்: அன்பியத்துலேருந்து (பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேர்ந்த செபக் குழு) வீட்டுக்குச் செபம் சொல்ல வருவாங்க. என்ன வாசிக்கலாம்? பூசைக் கருத்து, அதாவது யாருக்காக எதுக்காகப் பூசைன்னு, எப்படி எழுதுறது?

செபமாலை:
கருத்தைப் பெயரோடு எழுதுங்கள்: "குழந்தை இன்னார், பெற்றோரின் ஆறுதலுக்காக". பாவமே செய்யாத பிள்ளைக்குப் பரிகாரச் செபம் தேவையில்லை. செபத்தின் பாரம் பெற்றோருக்குத்தான்.

வாசகத்தில் கவனம். தாவீதின் குழந்தை ஏழாம் நாள் இறந்ததைப் பலர் எடுப்பார்கள் (2 சாமுவேல் 12). "நான்தான் அதனிடம் போவேன்" என்று அவர் சொல்கிற கடைசிப் பகுதி நல்லதுதான். ஆனால் அதிகாரத்தை முழுதாக வாசித்தால் தகப்பன் பாவத்துக்குப் பிள்ளை போனது என்று வரும், அதைப் பிடித்துக்கொண்டு பேச எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அதற்குப் பதில் எரேமியா 31:15, ராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுகிற இடம். அழுகிறவளை வேதமே அதட்டவில்லை. கூடவே திருப்பாடல் 13, ஆறே வசனம்தான். "கடவுளுக்குப் பிடித்துப் போச்சு, எடுத்துக்கொண்டார்" என்று யாரும் சொல்லாதபடி அன்பியத் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டிச் சொல்ல பெற்றவளுக்குத் தெம்பு இருக்காது. இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்கத் தேவ ரகசியத்தில் ஒன்றை எடுத்து, பத்து மணிச் செபத்தோடு நிறுத்துங்கள்.

டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் திருநாள், அன்றைக்கு ஒரு பூசை கேட்டு வையுங்கள். அதற்கு முன்னால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வரும். சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது சின்னக் கல்லறைகளைத் தாண்டிப் போய்விடுவது உண்டு. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் முந்தின நாளே இடத்தைக் காட்டி வையுங்கள். மழைக்காலம், மெழுகுதிரியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றுங்கள்.