மருத்துவமனைச் சீருடைக்கு வரிச்சலுகை: உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்?

வெண்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில், செவிலியர்களுக்குத் துணையாக நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளராக 2022 அக்டோபரிலிருந்து வேலை பார்த்து வருகிறேன். பிள்ளை கைக்குழந்தையாக இருந்ததால் தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்கள் மட்டுமே சென்றேன். 2024 ஏப்ரலிலிருந்துதான் முழுநேர வேலை. சீருடையை மருத்துவமனையே கொடுக்கிறது. ஆனால் அதைத் துவைப்பது, தேய்ப்பது, தையல் விட்டால் தைத்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. கறுப்பு நிறத்தில் மூடிய காலணிதான் அணிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதையும் என் பணத்தில்தான் வாங்குகிறேன்.

உடன் பணிபுரியும் ஒருவர், சீருடைக்காக ஆண்டுக்கு 125 பவுண்டு வரியில் திரும்பக் கிடைக்கும் என்றும், பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்றும் சொன்னார். அப்படியானால் எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு 500 பவுண்டு வர வேண்டும் அல்லவா? என் கணவர் ஒரு பேரங்காடியில் நிறுவனச் சின்னம் பொறித்த சட்டை அணிந்து வேலை செய்கிறார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதிகளில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறாள். அங்கே வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணியச் சொல்கிறார்கள். இவர்கள் இருவரும் கேட்க முடியுமா? "பணம் வந்தால் மட்டும் கட்டணம்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் ஒன்றிடம் மூவருடைய விவரங்களையும் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தங்கள் தோழி சொன்ன 125 என்ற எண் சரிதான். அதன் பொருள்தான் வேறு. தங்களுக்குத் திரும்ப வரும் தொகை அதுவல்ல. தங்கள் வருமானத்தில் அந்த 125 பவுண்டுக்கு மட்டும் வரி கிடையாது என்று எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டன் அரசின் வரித்துறை) ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு அதனால் மிச்சமாவது ஆண்டுக்கு 25 பவுண்டு. 40 விழுக்காடு கட்டுபவருக்கு 50 பவுண்டு. தேசியக் காப்புறுதிப் பிடித்தத்தில் இதனால் எந்த மாற்றமும் வராது.

பெரும்பாலான தொழில்களுக்குப் பொதுவாக 60 பவுண்டு என்று வைத்திருக்கிறார்கள். சில தொழில்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் செவிலியர், மருத்துவச்சி, தங்களைப் போன்ற பராமரிப்பு உதவியாளர், மருத்துவமனைச் சமையற்கூடப் பணியாளர் ஆகியோருக்கு 125 பவுண்டும், அவசர ஊர்திப் பணியாளருக்கு 185 பவுண்டும் குறிக்கப்பட்டுள்ளன. தனியார் மருத்துவமனையிலும் முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் பணிபுரிவோருக்கும் இதே தொகைதான். குறிப்பிட்ட நிறத்திலோ வகையிலோதான் காலணி அணிய வேண்டும் என்று விதி இருந்து, அதை நிர்வாகம் தராவிட்டால் 12 பவுண்டும், காலுறைக்கு அதே போன்ற விதி இருந்தால் 6 பவுண்டும் சேர்த்துக் கேட்கலாம். ஆகவே தங்கள் கணக்கு 125-உம் 12-உம் சேர்த்து 137 பவுண்டு. கைக்கு வருவது ஆண்டுக்கு 27 பவுண்டு 40 பென்ஸ். பட்டியல் தொகையைக் கேட்பதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் தேவையில்லை. உண்மையான செலவு அதைவிட அதிகம் என்று கருதுபவர்தான் சீட்டுகளைச் சேர்த்து வைத்துக் காட்ட வேண்டும்.

இனி நிபந்தனைகள். சீருடையைப் பார்த்தவுடனே இன்ன வேலை, இன்ன நிறுவனம் என்று தெரிய வேண்டும். அதைப் பராமரிக்கும் செலவு தங்களுடையதாக இருக்க வேண்டும். நிர்வாகம் அதற்காகத் தனியே படி எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. அந்த ஆண்டில் தாங்கள் வருமான வரி கட்டியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருந்தால் வரியே இல்லை; கட்டாத வரியை எப்படித் திருப்பித் தருவார்கள்? வாரத்துக்கு இரண்டு நாள்கள் சென்ற 2022-23, 2023-24 ஆண்டுகளில் தங்கள் வருமானம் எவ்வளவு என்று, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிர்வாகம் தரும் பி60 படிவங்களில் பாருங்கள். அந்த வரம்புக்குள் இருந்தால் அவ்விரண்டு ஆண்டுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

தங்கள் கணவர் 60 பவுண்டுக்குக் கேட்கலாம். 12 பவுண்டு மிச்சமாகும். மகளுக்கு இதில் வழியில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும், வேலைக்கு மட்டுமே அணிந்தாலும், சாதாரண உடைதான். நீதிமன்றத்துக்கு அணியும் கறுப்பு உடைகளின் செலவைத் தொழிற்செலவாகக் கழிக்க வேண்டும் என்று பெண் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த மல்லலியூ எதிர் டிரம்மண்ட் வழக்கில், உடை என்பது உடலின் வெப்பத்துக்கும் மானத்துக்கும் பயன்படுகிறது, ஆகவே அது முழுக்கத் தொழிலுக்கானது ஆகாது என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983-இல் தீர்த்தது. அவர் சுயதொழில் செய்தவர் என்றாலும் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அது சற்றுக் கடுமையான தீர்ப்பாகவே படுகிறது. ஆயினும் மகளின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். தவறான வரிக்குறியீட்டினால் (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் காட்டும் எண்) அவளிடம் வரி பிடித்திருந்தால், அது சீருடையோடு தொடர்பில்லாமலே திரும்ப வரும்.

தென்றல்முற்றம் எழுதியது:

அந்த நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் மருத்துவமனை ஊழியர்தான். சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு முகவர் நிறுவனத்தின் பக்கத்தில் பெயரையும் தேசியக் காப்புறுதி எண்ணையும் நிரப்பி, விரலால் கையெழுத்தும் போட்டேன். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து வந்திருக்க வேண்டிய 100 பவுண்டில் அவர்களுடைய பங்கும் அதன் மேல் மதிப்புக்கூட்டு வரியும் போக, பாதியைவிடச் சிறிது அதிகமே என் கைக்கு வந்தது. அதைவிட எரிச்சல் என்னவென்றால், நான் போட்ட கையெழுத்து என் திருப்புத்தொகையைப் பெறும் உரிமையையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக எனக்கு வர வேண்டிய பணமும் முதலில் அவர்களிடம்தான் போனது. 2023 மார்ச் 15-க்குப் பின்னர் அப்படி எழுதிக் கொடுப்பது செல்லாது என்று சட்டம் மாறிவிட்டது என்றாலும், பணத்தைத் தங்கள் வழியாகப் பெறுவதற்கு உங்கள் ஒப்புதலை வாங்கிக்கொள்ளும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. முகவர் உங்கள் பெயரில் இல்லாத செலவைக் கூட்டி எழுதினாலும், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் உங்களுக்குத்தான் வரும். அரசாங்க இணையதளத்தில் நீங்களே செய்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். பி87 என்ற அச்சுப் படிவத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்பும் வழியும் இருக்கிறது. நடப்பு ஆண்டுக்கு உரியதைக் காசாகத் தர மாட்டார்கள், வரிக்குறியீட்டை மாற்றுவார்கள். வரியில்லா வரம்பான 12,570-இன் கடைசி இலக்கத்தை விட்டு 1257 எல் என்று இருப்பது உங்களுக்கு 1270 எல் என்றும் உங்கள் கணவருக்கு 1263 எல் என்றும் மாறினால் வேலை நடந்துவிட்டது என்று பொருள். அது அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தானாகத் தொடரும் என்பதால், வேலை மாறினாலோ சீருடை அணிவது நின்றாலோ நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

"உங்களுக்கு வரிப்பணம் காத்திருக்கிறது" என்று குறுஞ்செய்தி வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். எச்.எம்.ஆர்.சி. அப்படி அனுப்புவதில்லை. அந்தச் செய்தியை 60599 என்ற எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

வெண்காந்தள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பி60 படிவங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வரியாண்டுகளிலும் என் வருமானம் 9,000 பவுண்டைத் தாண்டவில்லை, வரியும் பிடிக்கவில்லை. அப்படியானால் 500 பவுண்டு என்று நான் கட்டிய கோட்டை 55 பவுண்டுக்கு வந்து நிற்கிறது! ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. மாதத்தில் சில நாள்கள் என்னை அறுவை அரங்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே அணியும் உடையை மருத்துவமனையே வெளுத்துக் கொடுக்கிறது. இதனால் என் கோரிக்கை கெட்டுவிடுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அரங்க உடைக்குத் தாங்கள் எதுவும் செலவழிப்பதில்லை. அதற்காகக் கேட்கவும் முடியாது. ஆனால் மற்ற நாள்களில் அணியும் வார்டுச் சீருடையை வீட்டில்தானே துவைக்கிறீர்கள், அதற்குரிய கோரிக்கை அப்படியே நிற்கும். கவனிக்க வேண்டியது வேறொன்று. வார்டுச் சீருடையையும் இலவசமாக வெளுத்துத் தரும் வசதியை மருத்துவமனை வைத்திருந்து, தாங்கள் விருப்பப்பட்டு வீட்டில் துவைத்தால் சலுகை கிடையாது. மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

தங்கையே, 55 பவுண்டு என்று மனம் தளர வேண்டாம். வரி கட்டவில்லை என்று கணக்கிலிருந்து எடுத்துவிட்ட அந்த இரண்டு ஆண்டுகளில்தான் உங்கள் வீட்டுக்கு உரிய பெரிய தொகை இருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவருடைய வருமானம் 12,570 பவுண்டுக்குக் கீழே இருந்து, மற்றவர் 20 விழுக்காட்டு அடுக்கில் வரி கட்டினால், குறைந்த வருமானக்காரர் தமது வரியில்லா வரம்பில் 1,260 பவுண்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இதைத் திருமணச் சலுகை என்கிறார்கள். கணவருக்கு அதனால் குறையும் வரி ஆண்டுக்கு 252 பவுண்டு. நீங்கள் 9,000 பவுண்டுக்குள் ஈட்டிய காலத்தில் 1,260-ஐக் கொடுத்த பின்னும் உங்களுக்கு 11,310 பவுண்டு வரம்பு மிஞ்சுகிறது, ஆகவே உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 504 பவுண்டு.

விண்ணப்பிக்க வேண்டியவர் கணவர் அல்ல, நீங்கள். இப்போது நீங்களும் வரி கட்டுகிறீர்கள் என்பதால், 2022-23, 2023-24 ஆகிய ஆண்டுகளுக்கு மட்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் நடப்பு ஆண்டிலும் உங்கள் வரம்பைக் குறைத்துவிட்டு, பிறகு அதைச் சரிசெய்யத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். சீருடைக்கும் இதற்கும் காலக்கெடு ஒன்றுதான்: வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள். 2022-23-க்கு உரியதை 2027 ஏப்ரல் 5-க்குள் கேட்டுவிட வேண்டும்.

சிக்கனம் பற்றிப் பேச்சு வந்ததால் சலவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் சீருடையை 60 பாகையில் 10 நிமிடம் துவைத்தால் ஏறக்குறைய எல்லாக் கிருமிகளும் போய்விடும் என்று இங்கிலாந்துச் சுகாதாரச் சேவையின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தச் சூட்டைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வீட்டு உடைகளை 30 பாகைக்கு இறக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் சீருடைகளைச் சேர்த்து ஒரே ஈடாகப் போடுங்கள். பணத்தைத் தின்பது உலர்த்தும் இயந்திரம்தான். நாங்கள் கொடியில் காயப்போட ஆரம்பித்த பிறகு அதை மழைக்காலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

வீட்டில் யாராவது தொடர்ந்து மருந்து எடுக்கிறார்களா? இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வீதம் கட்டுகிறோம். மாதம் இரண்டு மருந்து வாங்குபவருக்கு ஆண்டுக்கு 237 பவுண்டு 60 பென்ஸ் ஆகிறது; முன்கூட்டியே 114.50 பவுண்டு கட்டிச் சான்றிதழ் எடுத்தால் ஆண்டு முழுவதற்கும் அது போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் மிச்சம் அநேகமாக இல்லை, ஆகையால் எண்ணிப் பார்த்து எடுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் இதை எடுக்கவே வேண்டாம். விலக்குச் சான்றிதழுக்கு மருத்துவர் வழியாக விண்ணப்பித்தால் எல்லா மருந்தும் இலவசம். என் மைத்துனர் இது தெரியாமல் இரண்டு ஆண்டுகள் கட்டணம் கட்டினார்.

வெண்காந்தள் எழுதியது:

அண்ணா, கணவருக்கு இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாதந்தோறும் இரண்டு மருந்து. இத்தனை நாளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் கட்டினோம். இன்றிரவே சான்றிதழ் எடுத்துவிடுகிறோம். வார்டுச் சீருடைக்கு மருத்துவமனையில் சலவை வசதி இல்லை என்று மேற்பார்வையாளரும் உறுதி செய்துவிட்டார். சீருடைக் கோரிக்கையை இணையத்தில் நானே அனுப்பிவிட்டேன். திருமணச் சலுகையைப் பழைய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு அஞ்சலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.