பழைய கார் எப்போது வாங்கலாம்: மார்கழியிலா, சீசன் முடிந்த கையோடா?

கட்டபெட்டு_தம்பி:
எங்களுக்கு ஊர் கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு. வீட்டுக்கு ஒரு பழைய கார் பார்க்கிறோம். பட்ஜெட் மூன்றரை லட்சம். அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடு என்கிறார் அப்பா. மார்கழி வரை பொறு, விலை இறங்கும் என்கிறான் கோவை மச்சான். யார் சொல்வதைக் கேட்பது?

கோவை_யார்டு:
மச்சான் சொல்வதுதான் சரி. ஆயுத பூஜை, தீபாவளிக்குப் புது வண்டி எடுப்பவர்கள் எக்ஸ்சேஞ்சில் விட்ட கார்கள் நவம்பரில் பழைய கார் விற்கும் யார்டுகளில் வந்து நிற்கும். டிசம்பரில் ஷோரூம்காரர்கள் அந்த வருட ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள், அதிலும் பழையது வெளியே வரும். மார்கழியில் நம்மாட்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். ஜனவரி பிறந்தால் அதே காருக்கு ஒரு வயது கூடிவிடும். விற்பவனுக்கு அவசரம், வாங்குபவனுக்கு இல்லை. தீபாவளிக்கு முன்பு உங்கள் மலையில் எஸ்டேட் போனஸ் கையில் புரளும். அப்போது போய் விலை பேசினால் எவன் குறைப்பான்?

கூடலூர்_ஸ்டியரிங்:
யார்டுக்காரர் யார்டு கணக்கைச் சொல்கிறார். மலையில் ஜூன்தான் நேரம். ஏப்ரல், மே சீசன் முடிந்ததும் வருமானம் நின்றுவிடும், பள்ளிக்கூட ஃபீஸ் வந்து நிற்கும், வண்டி லோன் டியூ கழுத்தைப் பிடிக்கும். அப்போது நேரடியாக ஓனரிடம் பேசலாம், இடையில் புரோக்கர் வேண்டாம். மழையும் கூடவே வந்துவிடும். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஈரம் இருக்கிறதா, கதவு ரப்பர் கசிகிறதா, வைப்பர் இழுக்கிறதா, கண்ணாடியில் படியும் ஆவி போகிறதா, எல்லாம் தானாகத் தெரியும். டிசம்பர் வெயிலில் பாலிஷ் போட்டு நிறுத்தினால் எல்லா வண்டியும் மாப்பிள்ளைதான்.

கோவை_யார்டு:
அண்ணா, சீசன் முழுக்கச் செங்குத்தான கல்லட்டி மலைப்பாதையில் ஏறி இறங்கிய வண்டியைச் சீசன் முடிந்ததும் தம்பி தலையில் கட்டச் சொல்கிறீர்களே! கிளட்சும் பிரேக்கும் என்ன கதியில் இருக்கும்? அதுவும் மஞ்சள் போர்டு டாக்ஸி என்றால் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி கட்டி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றும் வரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும்.

கூடலூர்_ஸ்டியரிங்:
டாக்ஸி வாங்கு என்று நான் எங்கே சொன்னேன்? காட்டேஜ் வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், இவர்களுக்கும் சீசனோடு காசு நிற்கும். அவர்கள் ஓன் போர்டு வண்டியைச் சொல்கிறேன்.

குன்னூர்_ஒர்க்‌ஷாப்_அக்கா:
கூடலூர் அண்ணாவுக்கு ஜூன் மழை சரி. கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே? ஜூன் மழையை நம்பி கோத்தகிரியில் வண்டி சோதிக்க முடியாது.

தம்பி, மாதத்தை விடுங்கள், காலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நேரத்தில், ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியின் பானெட்டில் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசலில் குளிரில் இன்ஜினைக் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் பேட்டரி சோர்ந்திருந்தாலும் அந்தக் குளிரில் முதல் செல்ஃபிலேயே தெரிந்துவிடும். கோவை வெயிலில் அதெல்லாம் மறைந்துவிடும்.

டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்றால் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். மலையில் ஓடிய கொஞ்ச தூரத்துக்குள்ளேயே கிளட்ச் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் காலி. அப்புறம் குன்னூரிலிருந்து பர்லியாறு வரை இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு_புலி:
மாதத்துக்கே இவ்வளவு சண்டையா? 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி. வரைக்கும். புதுசு மலிந்தால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேசுபவரிடம் இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேரம் பேசுங்கள். ஆர்.சி.யில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். டிசம்பரில் செய்து ஜனவரியில் பதிந்த வண்டியைப் புது வருட மாடல் என்று சொல்லி விற்பார்கள்.

கோவை_யார்டு:
அதைத்தானே நானும் சொல்கிறேன். வயது கூடியதாகக் கணக்குப் போட்டு விலை குறைவது வாங்குபவருக்குத்தான் லாபம். ஆறேழு வருடம் ஓட்டப் போகிறவருக்கு அந்த ஒரு வயது ஒன்றும் செய்யாது.

கட்டபெட்டு_தம்பி:
அக்கா சொன்ன குளிர்ச் சோதனையும் யார்டு அண்ணா சொன்ன விலையும் டிசம்பரில்தான் சேர்ந்து வருகின்றன. ஆனால் மார்கழியில் வண்டி வீட்டுக்கு வரக்கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார்.

கணக்கு_புலி:
மார்கழியில் அட்வான்ஸ், தை ஒன்றாம் தேதி சாவி. எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பாக்கிப் பணம் கொடுக்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-ம், ஆட்சேபணை இல்லை என்ற பேங்கின் என்.ஓ.சி.யும் கூட.

கூடலூர்_ஸ்டியரிங்:
சரி, மார்கழியிலேயே பேசுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி, அந்தக் காலடி விரிப்பை மட்டும் தூக்கிப் பார்த்துவிடுங்கள் தம்பி.