சளிப்பூஞ்சையா, இழுதுயிரியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லைம் மோல்டு என்னும், வழுவழுப்பாகப் படர்ந்து ஊரும் உயிரிக்குத் தமிழில் 'சளிப்பூஞ்சை' என்றே வைத்துக்கொள்ளலாம், சிலர் ஏற்கெனவே ஆளும் சொல்லைக் கலைக்க வேண்டாம் என்று நம் மடற்குழுவில் ஐயா ஒருவர் சென்ற மடலில் எழுதியிருந்தார். புழக்கத்தில் உள்ளதைக் கலைக்கக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இச்சொல்லின் இரு பாதிகளுமே பிழையாக அமைந்துவிட்டதால் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

பூஞ்சை தன் இழைகளை உணவுக்குள் செலுத்தி, நொதிகளைச் சுரந்து, வெளியிலேயே செரித்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதன் செல்லுக்குக் கைட்டின் கலந்த சுவர் உண்டு. நாம் பேசும் உயிரிக்கோ உணவுண்ணும் பருவத்தில் சுவரே கிடையாது. பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் அமீபாவைப்போல் வளைத்து விழுங்குகிறது. வித்துப்பைகளைக் குட்டிக் காளான்போல் உயர்த்துவதைப் பார்த்துத்தான் பழைய தாவரவியலார் இதைப் பூஞ்சைகளோடு சேர்த்தார்கள். ஜெர்மானியத் தாவரவியலார் அன்டன் டி பாரி 1859ஆம் ஆண்டிலேயே இதை விலங்குகளின் பக்கம் நகர்த்தினார். இன்று அமீபாக்களோடு ஒரே பெருந்தொகுதியில் வைக்கிறார்கள். ஜெர்மானியரும் ஜப்பானியரும் தத்தம் மொழியில் இன்னும் பூஞ்சை என்றே சொல்கிறார்கள் என்பது உண்மைதான். அவை பழைய பெயர்கள்; இன்று பெயர் வைக்கும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

'சளி' என்றாலோ தமிழ்க் காதுக்கு மூக்கும் மார்பும்தான் நினைவுக்கு வரும். சளிப்பூஞ்சை என்று படிப்பவர் நுரையீரலில் வரும் ஏதோ தொற்று என்றே எண்ணுவார். அதற்காக அந்த வழுவழுப்பையே பெயரிலிருந்து நீக்கி, 'பேரமீபா' என்று வைப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பைசாரம் பாலிசெஃபாலம் என்னும் மஞ்சள் இனத்தை லாட வடிவத் தடுப்புக்கு முன்னே விட்டு, உணவைத் தடுப்புக்கு அப்பால் வைத்தார்கள். தான் முன்பு ஊர்ந்த இடத்தில் விட்டுவந்த வழுவழுப்பைத் தொட்டதும் அது அப்பக்கம் மீண்டும் போகாமல் விலகி, வெளியேற வழி கண்டது. தட்டு முழுவதும் அதே வழுவழுப்பை முன்கூட்டிப் பூசிவைத்தபோது தடுமாறியது. நரம்பே இல்லாத உயிரிக்கு அதுவே புறநினைவு. அதைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டால் வேறு எதைத்தான் சொல்வது?

ஆகவே என் பரிந்துரை 'இழுதுயிரி'. இழுது என்பது வெண்ணெய்க்கும் நெய்க்கும் நிணத்துக்கும் வழங்கிய பழஞ்சொல். சொறிமுட்டையை 'இழுதுமீன்' என்று சொல்லும்போது அந்தக் கொழகொழப்புப் பொருள் இன்றும் வழக்கில் இருப்பது தெரிகிறது.

அடுத்தது பிளாஸ்மோடியம், அதாவது இவ்வுயிரி உணவு தேடிப் பரந்து ஊரும் பருவத்து உடல். இதை ஒலிபெயர்த்தால் மலேரியா ஒட்டுண்ணியின் பேரினப் பெயரோடு மோதும். அகார் தட்டில் ஓட்ஸ் இட்டு வளர்த்த பைசாரத்தை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். முட்டையின் மஞ்சள்கருவைக் கரண்டியால் இழுத்துவிட்டதுபோல் விசிறியாக ஒரு முன்விளிம்பு. அதன் பின்னே வேர்போல் கிளைத்த குழாய்கள். குழாய்க்குள் மணிமணியான சாறு ஒரு பக்கமாக விரைந்து ஓடி, தயங்கி, நின்று, பிறகு வந்த வழியே திரும்பி ஓடும், ஓரிரு நிமிடத்துக்குள் மறுபடியும் திசை மாறும். உள்ளங்கை அகலத்துக்குப் பரந்தாலும் அது ஒரே செல்தான். உட்கருக்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கும். 'பல்கருக்கூழ்' என்று முன்மொழிந்த நண்பர் மன்னிக்க வேண்டும், கூழ் என்றால் கூழ்மத்தோடு (கொலாய்டு) குழம்பும். பரவுவதையும் சேர்த்துச் சொல்லும் 'பல்கருப்படலம்' பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இழுதுயிரிகளிலேயே இன்னொரு வகையான டிக்டியோஸ்டீலியம் போன்றவற்றில் இந்தப் படலமே இல்லை. அங்கே அமீபாக்கள் தனித்தனியே மேய்கின்றன. பாக்டீரியா தீர்ந்ததும் வேதிச் சைகை விட்டு ஒன்றையொன்று அழைத்து, லட்சம் செல்கள் வரை கூடி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒற்றை உடலாக வெளிச்சத்தை நோக்கி ஊர்கின்றன. பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாக மாறி மடிய, எஞ்சியவை அதன் உச்சியில் வித்துகளாகின்றன. அந்த ஊரும் உடலை ஆங்கிலத்தில் ஓடில்லா நத்தையின் பெயரால் அழைக்கிறார்கள். நத்தையை இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. வினைத்தொகையாக 'ஊர்திரள்' என்றால் போதும். அகராதியில் ஏற்றுபவர் இடையில் 'த்' சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். 'ஊர்த்திரள்' என்று அச்சாகிவிட்டால் படிப்பவருக்குத் திருவிழாக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.