டர்போ காரை வீட்டிலேயே டிராக் ஓட்டத்துக்குத் தயார் செய்வது: எதிலிருந்து தொடங்குவது?

ஐந்தாம் கியர் (கேள்வி)

வணக்கம். என்னிடம் 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட முன்சக்கர இயக்கக் கார் ஒன்று இருக்கிறது. எடை ஏறத்தாழ 1,300 கிலோ. சென்ற ஆண்டு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பை, அதாவது அதன் அமைப்பு அட்டவணையை, மாற்றி, டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தமான உச்ச பூஸ்ட்டை 0.8 பாரிலிருந்து 1.1 பாருக்கு உயர்த்திக்கொண்டேன். சாலையில் இதுவரை எந்தக் குறையும் தெரிந்ததில்லை. ஆனால் கடந்த மாதம் முதன்முறையாக டிராக்கில் ஓட்டியபோது, மூன்றாம் சுற்றிலேயே நேர்ப்பாதையில் கார் சோர்ந்துவிட்டது. நான்காம் சுற்றின் கடைசி வளைவில் பிரேக் பெடல் பஞ்சுபோல இறங்கி, ஏறக்குறையத் தரையைத் தொட்டது. இரண்டு முறை மிதித்த பிறகே கார் நின்றது. அதோடு நானும் பயந்து உள்ளே திரும்பிவிட்டேன்.

இப்போது சற்றுப் பெரிய டர்போ, அதிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் முன்பக்க இன்டர்கூலர், உயரம் மாற்றத்தக்க சஸ்பென்ஷன் ஆகியவற்றை வாங்கி, வார இறுதிகளில் வீட்டு ஷெட்டிலேயே பொருத்த எண்ணியிருக்கிறேன். இதே காரில்தான் தினமும் வேலைக்கும் செல்கிறேன். இவற்றுள் எதை முதலில் செய்வது, எவற்றை வீட்டில் செய்யக்கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ணெய்க்கறை

நீங்கள் வாங்க நினைக்கும் மூன்று பொருள்களில் ஒன்றுகூட உங்களை அன்று பயமுறுத்திய சிக்கலைத் தீர்க்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெடல் பஞ்சுபோல இறங்கியது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று பொருள். பேட் மட்டும் சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தால், பெடல் கல்போல உறுதியாக நின்றிருக்கும், கார்தான் நின்றிருக்காது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதைக் காலே சொல்லிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 கிலோ காரை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறைத்தால், ஏறக்குறைய 11 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். அது மூன்றரை லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. சாலையில் இப்படி ஒருமுறை பிடித்தால் டிஸ்க் ஆறுவதற்குப் பல நிமிடங்கள் கிடைக்கும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நான்கைந்து முறை, இடைவெளியே இல்லாமல், அதுவும் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மீதே விழுகிறது.

டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையது, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலைக்கு அதே தரம் கேட்கும் அளவு வெறும் 155 டிகிரிதான். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டாட் 5.1 என்றால் இவ்விரு எண்களும் 260, 180 என உயரும். பந்தயத்துக்கென விற்கப்படுபவற்றில் புதிய நிலைக் கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டும். டாட் 5 என்பது மட்டும் சிலிகோன் வகை. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

ஆயிலை முழுமையாக மாற்றிக் காற்றை வெளியேற்றுவது, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் வீட்டில் ஒரு மதியப் பொழுதில் முடிகிற வேலை. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது கார் கையேட்டில் இருக்கும். அதோடு டிராக் வெப்பத்தைத் தாங்கும் முன் பேட்களையும் வாங்குங்கள். அவை குளிர்ந்திருக்கும்போது கீச்சிடும், டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும். முழுப் பந்தய வகையாக இருந்தால் காலையில் முதல் சிக்னலில் சரியாகப் பிடிக்காமலும் போகும். தினமும் வேலைக்குச் செல்லும் கார் என்பதால், இடைப்பட்ட வகையை வாங்குங்கள், அல்லது டிராக் நாளுக்கு முந்தைய இரவு பேட்களை மாற்றிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

மூன்றாம் வளைவு

பிரேக் பற்றி மேலே சொல்லப்பட்டதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேர்ப்பாதையில் கார் சோர்ந்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காற்றை அமுக்கினால் சூடாகும் என்பது சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். 35 டிகிரியில் உள்ளே வரும் காற்றை, 70 விழுக்காடு செயல்திறன் கொண்ட டர்போ கம்ப்ரஸர் 0.8 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால், அது ஏறத்தாழ 115 டிகிரியில் வெளிவரும், 1.1 பாருக்கு அமுக்கினால் 139 டிகிரி. அதிலும் சிறிய டர்போவை அதன் எல்லைக்கு அப்பால் சுழற்றும்போது செயல்திறன் 70-ஐவிடக் கீழே விழுமாதலால், உண்மையான வெப்பம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். உங்கள் இன்டர்கூலர் 0.8 பாருக்கென வடிவமைக்கப்பட்டது. சாலையில் சில விநாடிகளே முழு ஆக்ஸிலரேட்டரில் இருப்பீர்கள் என்பதால் அதன் உலோகம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல ஆறிக்கொள்ளும். டிராக்கில் ஆற நேரமில்லை. இரண்டு சுற்றில் அது நிறைந்துவிடுகிறது. உள்ளே போகும் காற்று சூடானதும், நாக்கிங்கை (எரிபொருள் கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பதை) தவிர்க்க ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது. நீங்கள் உணர்ந்த சோர்வு பெரும்பாலும் அதுவே.

ஆனால் இது ஊகம்தான். காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி ஒன்றும் கைபேசியும் இருந்தால், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், தீப்பொறி நேரம், பூஸ்ட் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். சில கார்களில் எஞ்சின் எண்ணெயின் வெப்பமும் கிடைக்கும். அந்தப் பதிவைப் பார்ப்பதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். குறிப்பாகப் பெரிய டர்போ இப்போது வேண்டவே வேண்டாம். அது வந்தால் இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், கிளட்ச், புதிய மேப் என்று வரிசையாக ஒவ்வொன்றும் பின்னால் வந்து நிற்கும். கடைசியில் கார் ஆண்டு முழுவதும் ஷெட்டிலேயே நிற்கும். என் முதல் கார் அப்படித்தான் நின்றது.

நட்டும் போல்ட்டும்

வீட்டில் செய்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை யாரும் தொடவில்லை. ஜாக் என்பது காரைத் தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. கெட்டியான சமதளத்தில் ஸ்டாண்டுகளின் மீது இறக்கி, கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே உடலின் எந்தப் பகுதியையும் அடியில் நுழைக்க வேண்டும். செங்கல், கான்கிரீட் கல், மரத்துண்டு எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது.

சக்கர நட்டுகளையும் பிரேக் காலிப்பர் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். டிராக்கில் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும், சக்கரம் ஆறியதும், நட்டுகளை மீண்டும் சரிபாருங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். ஈசியூ மேப்பையும் டைனமோமீட்டரும் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரும் (காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) இல்லாமல் தொடாதீர்கள்.

ஐந்தாம் கியர்

அனைவருக்கும் நன்றி. பிரேக் ஆயில் நான்கு ஆண்டுகளாக மாற்றப்படவே இல்லை என்பதைப் பராமரிப்புப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வெட்கமாக இருக்கிறது. ஆயிலையும் முன் பேட்களையும் மாற்றிவிட்டு, பதிவுக் கருவியோடு மீண்டும் ஒருமுறை டிராக்குக்குச் சென்றுவந்தேன். பெடல் கடைசிவரை ஒரே உயரத்தில் நின்றது.

ஆனால் காற்றின் வெப்பம் முதல் சுற்றில் 48 டிகிரி, நான்காம் சுற்றில் 76 டிகிரி. தீப்பொறி நேரம் நான்கு சிலிண்டர்களிலும் சமமாக 5 டிகிரி (கிராங்க் கோணத்தில்) பின்வாங்கியிருக்கிறது. எஞ்சின் எண்ணெய் 131 டிகிரி வரை போனது. எஞ்சின் எண்ணெய்த் தரத்தையும் டயரையும் பற்றி ஏதேனும் யோசிக்க வேண்டுமா? காற்றைக் குளிர்விக்க நீர்-மெத்தனால் தெளிப்பும், புகை தடையின்றி வெளியேற, அதிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை நீக்குவதும் உதவும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

மூன்றாம் வளைவு

பதிவு செய்ததற்குப் பாராட்டுகள். இப்போது பேசுவதற்கு எண்கள் இருக்கின்றன. 48-லிருந்து 76 டிகிரிக்குப் போனதில் மட்டுமே காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைந்திருக்கிறது. மேப் மாற்றத்தால் நீங்கள் பெற்ற கூடுதல் காற்று, அழுத்தக் கணக்கில் 17 விழுக்காடு; அதில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது, தீப்பொறி நேரத்தில் இழந்தது தனி. நான்கு சிலிண்டர்களும் சமமாகப் பின்வாங்கியிருப்பது நல்ல செய்தி: வெப்பத்தைப் பார்த்து ஈசியூ முன்னெச்சரிக்கையாகச் செய்த திருத்தம் அது. ஒன்றிரண்டு சிலிண்டர்கள் மட்டும் திடீர் திடீரென்று பின்வாங்கியிருந்தால், உண்மையான நாக்கிங்கை எண்ணிக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

நீர்-மெத்தனால் தெளிப்பு பழைய உத்திதான். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காரில் நாக்கிங்கைத் தடுக்க அத்தகைய திரவம் தெளிக்கப்பட்டது. தொட்டியை நிரப்பப் பல உரிமையாளர்கள் மறந்துபோனார்கள் என்பதே அதன் கதை. தொட்டி காலியானால் பூஸ்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தக் காரிலேயே இருந்தது. இன்று தனியாக வாங்கிப் பொருத்தும் தொகுதிகள் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். நேர்ப்பாதையின் நடுவில் பம்ப் நின்றால் பிஸ்டன்தான் விலை கொடுக்கும்.

கன்வர்ட்டரை நீக்குவது பல நாடுகளில் சாலைக் காருக்குச் சட்டவிரோதம். அது போக, புகைவழி மிகவும் தடையற்றதாகிவிட்டால் சிறிய வேஸ்ட்கேட்டால் (டர்போவைச் சுழற்றாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) போதுமான புகையைத் திருப்பிவிட முடியாமல், மேல் சுழற்சியில் பூஸ்ட் கட்டுப்பாட்டை மீறி ஏறும். வெப்பத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் தேடிப் போய் வாங்க வேண்டிய சிக்கல் அன்று இது.

எண்ணெய்க்கறை

இன்டர்கூலர் வாங்குவதற்கு முன் செலவே இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். பம்பரைக் கழற்றி, முன்பக்கத் துளையில் நுழையும் காற்று உண்மையாகவே இன்டர்கூலர், ரேடியேட்டர் வழியாகத்தான் போகிறதா, பக்கவாட்டு இடைவெளிகளில் நழுவிப் போகிறதா என்று பாருங்கள். நுரைப் பட்டையாலும் மெல்லிய அலுமினியத் தகட்டாலும் அந்த இடைவெளிகளை அடைத்தே வெப்பம் கண்கூடாகக் குறைந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். மிகத் தடித்த இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தினால் காற்று குளிரும், ஆனால் எஞ்சின் கொதிக்கும்; அளவோடு வாங்குங்கள்.

உங்கள் பதிவில் என்னை அதிகம் உறுத்துவது 131 டிகிரி எண்ணெய்தான். தெர்மோஸ்டாட் உள்ள எண்ணெய்க் குளிர்விப்பான் ஒன்று பொருத்துங்கள். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அன்றாடப் பயணத்தில் எண்ணெய் சூடேறவே மாட்டாது. நேரடி ஊசி வகை எஞ்சினாக இருந்தால், 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர எண்ணெய் நல்லது. தாழ்ந்த சுழற்சியில் முன்கூட்டியே தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறுக்கு எதிரான சோதனை அதில் அடக்கம். அந்தக் கோளாறு வராதிருக்க, மெதுவான வளைவிலிருந்து வெளிவரும்போது சோம்பலாக உயர் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்காதீர்கள்.

ஒட்டும் டயருக்கு அவசரப்பட வேண்டாம். பக்கவாட்டு விசை 1 ஜி (புவியீர்ப்பு விசைக்குச் சமம்) ஆகும்போது எண்ணெய்த் தொட்டியில் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. நீண்ட வளைவில் உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால் முதலில் சாவது பேரிங். தொட்டிக்குள் எண்ணெய் ஒதுங்காமல் காக்கும் தடுப்புத் தகடு பொருத்தும் வரை இப்போதுள்ள டயரே போதும். எண்ணெய் அளவு மேல்கோட்டை ஒட்டியே இருக்கட்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அப்பிக்கொள்ளும்.

நட்டும் போல்ட்டும்

பழைய மேப்பை ஏற்றி ஒருமுறை ஓடிப் பாருங்களேன்.

ஐந்தாம் கியர்

ஓடிப் பார்த்தேன். அதே டிராக், ஏறக்குறைய அதே வானிலை. இடைவெளிகளை நுரைப் பட்டையால் அடைத்ததைத் தவிர வேறு மாற்றமில்லை. 1.1 பார் மேப்போடு ஓடியதோடு ஒப்பிட்டால், 0.8 பாரில் முதல் சுற்று 0.9 விநாடி மெதுவாகவும், ஐந்தாம் சுற்று 1.2 விநாடி வேகமாகவும் இருந்தது. காற்று 61 டிகிரியைத் தாண்டவில்லை. எண்ணெய் 122 டிகிரியில் நின்றது. டர்போவுக்கென ஒதுக்கிய பணத்தில் எண்ணெய்க் குளிர்விப்பானும் இரண்டு நல்ல ஸ்டாண்டுகளும் வாங்கிவிட்டேன். குளிர்விப்பானின் குழாய்களைச் சக்கர வளைவுக்கு உள்ளே கொண்டுபோவதா, ரேடியேட்டருக்கு அடியில் கொண்டுபோவதா என்பதில்தான் இப்போது குழப்பம்; நாளை படம் போடுகிறேன்.