மில்லில் பார்த்த வேலையைக் கனடாவில் எப்படி எழுதுவது

கனடாவுக்குப் புதிதாக வந்த நம் டெல்டாப் பிள்ளைகள் ரெஸ்யூமைக் காட்டும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. "ரைஸ் மில் சூப்பர்வைசர், 6 வருடம்." அவ்வளவுதான் எழுதியிருப்பார்கள். மன்னார்குடியில் அதைச் சொன்னாலே போதும். பிராம்ப்டனில் அதைப் படிப்பவர் நெல்லையே பார்த்திருக்க மாட்டார்.

நானும் அப்படி ஒரு ரெஸ்யூமோடுதான் வந்தேன். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவர், போட்டோ, கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்து. இங்கே இவை எதுவும் வேண்டாம், எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.

சரி, என்ன எழுதுவது? குறுவை அறுவடை சமயத்தில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். லாரி வந்ததும் மூட்டையில் குத்தூசி போட்டு நெல் எடுத்து ஈரம் பார்த்தீர்கள், பதர் பார்த்தீர்கள். அது தரக்கட்டுப்பாடு. குருணை கூடினால் ரப்பர் ரோலர் இடைவெளியைச் சரிசெய்தீர்கள், டிரையர் சூட்டைக் கவனித்தீர்கள். அது எந்திர இயக்கம். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராதபோது சமாளித்தீர்களே, அதுவும் ஒரு திறமைதான். ஒவ்வொன்றையும் தனி வரியாக, எண்ணோடு எழுதுங்கள்: "ஷிப்டுக்கு 20 டன் நெல் அரைக்கும் ஆலையில் 12 பேரை மேற்பார்வையிட்டேன்."

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவர்களும் அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, 40 கிலோ மூட்டைகளை எண்ணிக் கணக்கை நேர்செய்வது எல்லாம் இங்கே கிடங்கு வேலைக்கு நேராகப் பொருந்தும்.

"செய்தோம்" என்று எழுதாதீர்கள். தன்னைப் பற்றித் தானே பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் கை வரவில்லை. ஆனால் நீங்கள் செய்ததை "செய்தேன்" என்பது பெருமையடிப்பது ஆகாது. செய்யாததை மட்டும் சேர்க்காதீர்கள், விசாரிப்பார்கள்.

கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்தில் உங்கள் வேலையைத் தேடினால் அதன் கடமைகள் வரிசையாக இருக்கும். பொருந்தும் சொற்களை அங்கிருந்தே எடுங்கள்.

அப்புறம், உங்களைப் பற்றி விசாரிக்க இங்கிருந்து போன் வரலாம் என்று பழைய முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டொராண்டோவில் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் கோடையில் நம் ஊரில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவருக்கு ஆங்கிலம் தயக்கம் என்றால், உங்கள் வேலையை நேரில் பார்த்த மேனேஜரின் எண்ணைக் கொடுங்கள்.