பாய்க்கு அடியில் கிடந்த 2 மாத்திரைகள்

என் நாய் செவலைக்கு மாதாமாதம் 1ஆம் தேதி இதயப்புழு மாத்திரை. கொசுக்கடியால் பரவி, நாயின் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வாழும் புழு அது. 3 வருடமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் வீடு கழுவ அவன் படுக்கும் பாயைத் தூக்கினால், சுவரோரம் 2 மாத்திரைகள். ஒன்றில் பல் பதிந்திருந்தது. இன்னொன்று முழுசாக, ரோமமும் தூசியும் ஒட்டிக் கிடந்தது. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாலையும் ஆட்டிவிட்டு, பாயில் போய்த் துப்பியிருக்கிறான். எந்தெந்த மாதத்து மாத்திரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். முன்னங்காலில் ரத்தம் எடுத்து, சில சொட்டு மட்டும் இதயப்புழு டெஸ்ட் கிட்டில் விட்டார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் கிட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெகட்டிவ். அழுதேவிட்டேன். டாக்டர் செவலையின் தலையைத் தடவிக்கொண்டே, "சந்தோஷம்தாம்மா. ஆனா இது ஆறு மாசத்துக்கு முந்தின கதை" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கொசு கடிக்கும்போது உள்ளே போகும் இளம்புழு வளர்ந்து முதிர 6, 7 மாதம் ஆகும். டெஸ்ட் தேடுவது முதிர்ந்த பெண்புழு ரத்தத்தில் விடும் ஒரு பொருளை. அதனால் சமீபத்தில் தொற்றியது எதுவும் அதில் தெரியாது. மாத்திரையைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். அது மாதம் முழுக்க உடம்பில் நின்று காவல் காப்பதில்லை. கொடுக்கும் நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் நுழைந்த இளம்புழுக்களைக் கொல்கிறது, அவ்வளவுதான். இரண்டு மாதம் தாண்டி வளர்ந்துவிட்டால் அதன் பிடிக்குச் சரியாகச் சிக்காது.

அன்றே மாத்திரையை மறுபடி தொடங்கி, 6 மாதம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுத்தோம். இடையில் அவன் ஒருமுறை இருமினாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். இரண்டாவதும் நெகட்டிவ். இப்போதெல்லாம் மாத்திரை கொடுத்தால் தொண்டையை நீவிவிட்டு, அவன் மூக்கை நக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் மாத்திரை விட்டுப்போய், டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தவர்கள், அடுத்த டெஸ்டுக்கும் தேதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

*

அக்கா, அந்த நிம்மதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. டைகரைத் தத்தெடுத்தபோது 4 வயது. நன்றாகச் சாப்பிடுவான், மாடிப்படி ஏறினால் மட்டும் லேசாக இருமுவான். டெஸ்ட் பாசிட்டிவ். உறுதிப்படுத்த ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். சிவப்பணுக்களுக்கு நடுவே, அவற்றைத் தள்ளிக்கொண்டு, முடியைவிட மெல்லியதாக ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

4 வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், கூடவே மாதாந்திர மாத்திரை. 60ஆம் நாள் இடுப்புத் தசையில், முதிர்ந்த புழுக்களைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி. ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த 2 நாளில் இன்னும் இரண்டு. ஊசியைக்கூடத் தாங்கிக்கொண்டான், ஓய்வில் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. சாகும் புழுக்கள் துண்டாகி நுரையீரல் ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் நாய் ஓடினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் கழிக்கக்கூடச் சங்கிலி போட்டுத்தான் அழைத்துப் போனோம். அவனே சங்கிலியைக் கவ்விவந்து என் காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பான். மாதக்கணக்கில் அந்தப் பார்வைக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. கடைசி ஊசி போட்டு 9 மாதம் கழித்து எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். இப்போது படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறான்.

*

எங்கள் குட்டிக்கு 8 வாரத்தில் டெஸ்ட் எடுக்காமலேயே மாத்திரை தொடங்கினார்கள். அந்த வயதில் டெஸ்ட் எதையும் காட்டாது என்பதால் அது சரிதான். வளர்ந்த நாய்க்கு அப்படிச் செய்யாதீர்கள். ரத்தத்தில் நுண்புழு (முதிர்ந்த புழு ஈனும் குஞ்சுகள்) நிறைய இருந்தால், சில மருந்துகள் அவற்றை ஒரேயடியாகக் கொன்று, நாய் அதிர்ச்சியில் விழுந்துவிடலாம். இன்னொன்று, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்தை வீட்டில் அளந்து கொடுக்கவே கூடாது. இதயப்புழுத் தடுப்புக்கு நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான் அளவு. மாட்டு ஊசிமருந்தில் ஒரு சொட்டே பல நாய்களுக்கு அதிகம். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அந்த மருந்து அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும்.

குட்டிக்கு இப்போது 6 மாதம். அடுத்த மாதம் முதல் டெஸ்ட். வந்ததும் எழுதுகிறேன்.