மெதடிஸ்ட் பெண், கத்தோலிக்க மாப்பிள்ளை: மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணுமா?

பிடோக் அம்மா:
மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. நாங்கள் சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்ட் சபை. பையன் வீட்டார் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில். தங்கமான பையன். என் மாமியார்தான் மல்லுக்கு நிற்கிறார். அவர் பூர்வீகம் தரங்கம்பாடி, லுத்தரன் குடும்பம். "1715-லேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சடித்த ஊர் எங்களுடையது. அதை மொழிபெயர்த்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் வழியில் வந்துவிட்டு மாதா முன்னால் மண்டி போடணுமா?" என்கிறார். போதாக்குறைக்கு, பெண்ணுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உண்மையா?

தோ பாயோ கத்தோலிக்கன்:
இல்லை அக்கா. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் அது செல்லும் என்றுதான் எங்கள் திருச்சபை சொல்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து வையுங்கள், போதும். மறைமாவட்டத்தில் அனுமதி வாங்க வேண்டியது பையன். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று அவர்தான் வாக்குக் கொடுக்கணும். உங்கள் மகள் கொடுக்க வேண்டாம், ஆனால் அவளுக்கு அது தெரிந்திருக்கணும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிரச்சினை வந்தால் இங்கேதான் வரும், மாதாவிடம் இல்லை. உங்கள் சபையிலேயே கல்யாணம் வைப்பதென்றால் அதற்குத் தனி விலக்கு உண்டு.

ஆங்கிலிக்கன் தாத்தா:
மாமியாரிடம் லுத்தரை வைத்தே பேசும்மா. மனிதன் எதனால் கடவுள் முன் நீதிமானாகிறான் என்பதுதானே லுத்தருக்கும் ரோமுக்கும், அதாவது கத்தோலிக்கத் திருச்சபைக்கும், அன்றைய சண்டையின் மூலம்? நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் என்று லுத்தரன்களும் ரோமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். 2006-ல் மெதடிஸ்ட்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் நற்கருணை, அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குவது, இன்னும் தனித்தனிதான். பூசையோடு கல்யாணம் என்றால் பையன் வீட்டார் வரிசையில் போய் வாங்குவார்கள், பெண் வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் அப்படி நடந்து, அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. பூசை இல்லாமல் திருமணச் சடங்கு மட்டும் வைக்கலாம், ஃபாதரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிடோக் அம்மா:
நன்றி அண்ணன், நன்றி தம்பி. ஆக்ஸ்பர்க் கதையைச் சொன்னேன். "முதலில் கையெழுத்துப் போட்டது யார், நாமா அவர்களா?" என்று கேட்கிறார்! பூசை இல்லாமல் என்றால் சரியாம். பிள்ளைகள் விஷயத்தை இன்னும் நான் வாயே திறக்கவில்லை.